வைஜெயந்தியின் கேன்

வைஜெயந்தியின் மூத்திரத்தில் தங்கம் இருக்கிறது என்று ஹட் பே சுனாமி ஷெல்ட்டரில் பேச்சாகிவிட்டது. தங்கம் இல்லை, அதைவிட உசத்தியான சாமான் என்று பிரவீன்குமார் திருத்திச் சொன்னான். தங்கத்தைவிட உசத்தியானது எதையும் ஷெல்ட்டர்க்காரர்கள் பார்த்ததில்லை. அதனால் தங்கம் என்ற பேச்சே நிலைத்துவிட்டது.

பிரவீன்குமார் சென்னைக் கம்பெனி ஒன்றின் ஆள். போர்ட் பிளேயரில் குட்வில் எஸ்டேட்டில் அறை எடுத்துத் தங்கியிருந்தான். மாதம் ஒரு தடவை கப்பலில் வந்து இறங்குவான். ஒரு கையில் ஐஸ் பெட்டி, இன்னொரு கையில் வாய் அகன்ற வெள்ளைக் கேன். வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு, தகரச் சுவரோடு ஒட்டி உட்கார்ந்து, கொடுத்த தேநீரை மீதி வைக்காமல் குடிப்பான். அந்தக் குணத்துக்காகவே சிவஞானத்துக்கு அவனைப் பிடித்திருந்தது.

சிவஞானத்தின் மனைவிதான் வைஜெயந்தி. சுனாமிக்கு அடுத்த வருஷம் அவளுக்குப் பல் விளக்கினால் ரத்தம் வந்தது, நாலு எட்டு நடந்தால் மூச்சு வாங்கியது. சோகை என்று இரும்புச் சத்து மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். கேட்கவில்லை. போர்ட் பிளேயர் பெரிய ஆஸ்பத்திரியில் எலும்பில் ஊசி போட்டுப் பார்த்துவிட்டு, எலும்புக்குள் ரத்தம் ஊறுவதே நின்றுபோய்விட்டது என்றார்கள். இனிமேல் வெளியிலிருந்து ஏற்றினால்தான் ரத்தம். மாதம் இரண்டு பாட்டில் ஏறவில்லையென்றால் எழுந்து நிற்க முடியாது. அதற்கும் மேல் தள்ளிப்போனால் என்ன ஆகும் என்று டாக்டர் சொல்லவில்லை, சிவஞானமும் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரியில் ரத்தம் சும்மா தரமாட்டார்கள். வாங்கின பாட்டிலுக்குப் பதில் பாட்டில் கொடுக்க ஆள் கொண்டுவர வேண்டும். கடல் தாண்டி இருக்கிற ஊரில் மாதாமாதம் இரண்டு ஆளுக்கு அவன் எங்கே போவான். இந்த இடத்தில்தான் பிரவீன்குமாரின் கம்பெனி வந்து சேர்ந்தது. வைஜெயந்தி ரத்தம் ஏற்றிக்கொள்வதற்கு முந்தின மூன்று நாள் மூத்திரத்தைக் கேனில் பிடித்துக் கொடுக்க வேண்டும். அதற்கு ஈடாக இரண்டு பேருக்குக் கப்பலில் இடம், ஆஸ்பத்திரியில் படுக்கை, ரத்தம் கொடுக்க ஆள், எல்லாம் கம்பெனியே பார்த்துக்கொள்ளும்.

"ஏன் தம்பி, இதுல அப்பிடி என்னாதான் இருக்கு?" என்று முதல் தடவை சிவஞானம் கேட்டான்.

"ரத்தம் கொறைஞ்சா கிட்னி ஒரு ஹார்மோனை அனுப்பும்ணே. ரத்தம் ஊறணும்னு எலும்புக்குச் சொல்ற ஹார்மோன். அக்காவுக்கு எலும்பு கேக்க மாட்டேங்குது. அதனால கிட்னி விடாம அனுப்பிக்கிட்டே இருக்கு. மிச்சம் வழிஞ்சு மூத்திரத்துல வருது. நாங்க அதைப் பிரிச்செடுக்கிறோம்."

கட்டிலில் படுத்திருந்த வைஜெயந்தி முகட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "பெரட்டுத் தப்பு அடிக்கிறாங்க. லயத்துல ஆளே இல்ல."

பிரவீன்குமாருக்குப் புரியவில்லை. சிவஞானம் விளக்கினான். அவனும் ஷெல்ட்டரில் பாதிப் பேரும் சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து ஒப்பந்தத்தில் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டு, இங்கே பாமாயில் தோட்டத்தில் குடியேற்றப்பட்டவர்கள். சிலோன் தோட்டத்தில் விடியுமுன் தப்பு அடிப்பார்கள். வரிசை வீடுகளான லயங்களிலிருந்து ஆட்கள் கிளம்பிப் பெரட்டுக் களத்தில் வந்து நின்றால்தான் அன்றைய வேலை. வைஜெயந்தி இந்தத் தீவில் பிறந்தவள், தப்புச் சத்தத்தைக் கேட்டதே இல்லை. அப்பா சொல்லித்தான் தெரியும்.

"அக்கா ஒரே வரியில சொல்லிட்டாங்க," என்றான் பிரவீன்குமார்.

"அந்த ஹார்மோனை இவளுக்கே திருப்பி ஊசியாப் போட்டா என்னா?" என்றான் சிவஞானம்.

"அவங்க ஒடம்புல அது ஏற்கனவே வழியுதேண்ணே. கிட்னி கெட்டவங்களுக்குத்தான் கேக்கும். அதுக்கும் இப்ப பேக்டரியிலயே செய்றாங்க. எங்களுக்கு இது வேற காரியத்துக்கு. ஓட்டப் பந்தயக்காரங்க அந்தப் பேக்டரி ஊசியப் போட்டுக்கிட்டு ஓடுறாங்க. அதைக் கண்டுபிடிக்கணும்னா மனுஷ ஒடம்புல தானா ஊறுன அசல் வேணும், பக்கத்துல வெச்சுப் பாக்க."

வாசலில் நின்றிருந்த ஒச்சம்மா உள்ளே எட்டிப் பார்த்தாள். அடுத்த தகரக் கொட்டகைக்காரி. "எவனோ ஓடுறதுக்கு எங்க புள்ள பேஞ்சு குடுக்கணுமாக்கும். நல்ல கம்பெனி."

பிரவீன்குமாரும் சேர்ந்து சிரித்தான்.

முதல் இரண்டு மாதம் ஒரு குறையுமில்லை. வெயில் ஏறியதும்தான் சங்கடம் வந்தது. வைஜெயந்திக்குத் தண்ணீர் இறங்கவில்லை, குடித்தால் குமட்டியது. மூன்றாம் நாள் காலையில் கேனைத் தூக்கிப் பார்த்தால் பாதிகூட இல்லை. கப்பல் மறுநாள். அவள் கேனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், கண் கலங்கியிருந்தது.

ஒச்சம்மா அதைப் பார்த்தாள். அவள் பதினாலு வயது வரை சிலோன் மலையில் தேயிலைக் கொழுந்து பறித்தவள். அங்கே நிறுவைக்குக் கூடை வரும்போது குறித்த ராத்தல் இல்லையென்றால் கணக்கப்பிள்ளை அரைப்பேர்தான் போடுவான். முழுநாள் மலையில் நின்றாலும் பாதிநாள் கூலிதான். அதனால் செடி நிரையில் ஒருத்திக்கு மேலுக்கு முடியவில்லை என்றால், தராசுக்குப் போகிற வழியில் பக்கத்து நிரைக்காரிகள் ஆளுக்கொரு கை கொழுந்தை அவள் கூடையில் போட்டுவிட்டு ஒன்றும் தெரியாததுபோல் நடப்பார்கள். யாரும் கேட்பதில்லை, யாரும் நன்றி சொல்வதுமில்லை. பாமாயில் தோட்டத்துக்கு வந்த பிறகும் உதிரிப் பழம் பொறுக்குகிற சாக்கில் அதே பழக்கம்தான்.

அன்று காலையில் ஒச்சம்மா ஒரு சொம்போடு வந்தாள். அவளுக்குப் பின்னால் ரெங்கம்மா, அதற்கப்புறம் சித்ரா, பொன்னம்மா. ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்கவில்லை. வரிசையாக வந்து ஊற்றிவிட்டு, முந்தானையால் வாயை மூடிச் சிரித்துக்கொண்டு போனார்கள். கேன் கழுத்துவரை நிறைந்தது.

"அரைப்பேர் விழுந்துருமேன்னுதான்," என்றாள் ஒச்சம்மா.

சிவஞானம் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். ஊரே கடலில் போன பிறகும் இந்தப் பெண்கள் இப்படியே இருக்கிறார்களே என்று நினைத்தான். தப்பு என்ற எண்ணம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அடுத்த மாதமும் அப்படியே நடந்தது, அதற்கடுத்த மாதமும்.

மழை பிடிக்கிற சமயத்தில் பிரவீன்குமார் வந்தான். கேன் கொண்டுவரவில்லை. தேநீரைக் கீழே வைத்தவன் எடுக்கவே இல்லை.

"அண்ணே, அக்காவுக்குச் சர்க்கரை இருக்கா?"

"சர்க்கரையா? அதெல்லாம் இல்லியே. போன மாசந்தான ஆஸ்பத்திரியில பாத்தாங்க."

"அதான். ஆஸ்பத்திரி ரிப்போர்ட்ல இல்ல. கேன்ல இருக்கு. ஏகப்பட்ட சர்க்கரை. அப்புறம், அந்த ஹார்மோன் முன்ன வந்ததுல கால்வாசிகூட இல்ல." அவன் குரலைத் தாழ்த்தினான். "யாராச்சும் கலந்தாங்களா?"

சிவஞானம் மனைவியைப் பார்த்தான். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். உள்ளதைச் சொன்னால் தீர்ந்துவிடும் என்று அவன் நம்பினான். அடுத்த கேனைச் சுத்தமாகக் கொடுத்துவிட்டால் போகிறது, இதில் என்ன இருக்கிறது. கொழுந்துக் கூடையிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னான். சொல்லச் சொல்ல, பெண்கள் செய்தது எவ்வளவு நல்ல காரியம் என்று அவனுக்கே திரும்பவும் பட்டது.

பிரவீன்குமார் தலையில் கை வைத்துக்கொண்டான். "கொழுந்துன்னா யார் பறிச்சாலும் கொழுந்துண்ணே. இது அப்பிடியா? நல்ல ஒடம்புல இந்த ஹார்மோன் இருக்கிற எடமே தெரியாது. இதுல தண்ணி ஊத்துனதும் ஒண்ணு, அவங்க ஊத்துனதும் ஒண்ணு."

"தெரியாமப் பண்ணிட்டாங்க தம்பி. அடுத்த தடவ சுத்தமாத் தாரோம்."

"அடுத்த தடவ இல்லண்ணே. மெயின்லேண்ட்ல எல்லா ஊர் கேனையும் ஒண்ணாச் சேத்துத்தான் பிரிப்பாங்க. மொத்தமும் வீணாப்போச்சு. ஹட் பேய லிஸ்ட்லருந்து எடுக்கச் சொல்லிட்டாங்க. என் வேலையே தொங்கிட்டு இருக்கு."

"அப்ப இந்த மாசம் ரத்தம்?"

பிரவீன்குமார் எழுந்து வாசலுக்குப் போனான். செருப்பை மாட்டும்போது, கெட்டிக்காரத்தனமாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு சொன்னான். "அந்தச் சர்க்கரை யாருதுன்னு பாருங்க. ரொம்ப ஜாஸ்தியா இருக்கு."

அது ஒச்சம்மாவுடையது. ஹட் பே ஆஸ்பத்திரியில் விரலில் குத்திப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. "கம்பெனிக்காரன் இத்தன மாசத்துல கண்டுபிடிச்சது என் சர்க்கரையத்தான்," என்று அவள் திரும்பி வரும்போது சொன்னாள். யாரும் சிரிக்கவில்லை. வைஜெயந்தியின் உதடும் நகமும் தாள் மாதிரி வெளுத்திருந்தன. உட்கார வைத்தால் சரிந்தாள். காதுக்குள் கடல் இரைகிறது என்றாள்.

ஒச்சம்மாதான் முடிவு செய்தாள். "ஊத்தி நாமதான் கெடுத்தோம். நாமளே போய்க் குடுப்போம்டி. ஆளுக்கொரு பாட்டில். அவன் கம்பெனி என்னாத்துக்கு."

சிவஞானத்தோடு ரெங்கம்மா, சித்ரா, பொன்னம்மா மூவரும் புறப்பட்டார்கள். ஒச்சம்மா சர்க்கரைக்காரி, ரத்தம் எடுக்கமாட்டார்கள். இருந்தாலும் அவளும் ஏறினாள். கப்பலில் படுக்கை கிடைக்கவில்லை. கீழ்த்தளத்தில் எஞ்சின் சூட்டில் சேலையை விரித்து வைஜெயந்தியைக் கிடத்தி, ஆள் மாற்றி ஆள் விசிறிக்கொண்டு வந்தார்கள். சித்ரா வழி முழுக்க வாந்தி எடுத்தாள். "ரத்தத்தை மட்டும் வெளிய விட்றாத," என்று பொன்னம்மா அவள் முதுகைத் தட்டினாள்.

பெரிய ஆஸ்பத்திரியின் ரத்த வங்கியில் ஒரு வங்காளிப் பெண் இருந்தாள். முதலில் சிவஞானத்தைக் கேட்டாள். போன மாதம் மலேரியா வந்தது என்றதும் ஒதுங்கி நிற்கச் சொன்னாள். அப்புறம் பெண்களை உட்காரவைத்தாள். மேஜையில் ஒரு கண்ணாடிக் குவளையில் நீலத் தண்ணீர். விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தத்தை அதில் விடுவாள். சொட்டு நேராக அடிக்குப் போனால் ரத்தத்தில் கனம் இருக்கிறது, எடுக்கலாம். மிதந்தால் கனமில்லை.

ரெங்கம்மாவின் சொட்டு நீலத் தண்ணீரின் மேலேயே சிவப்பு மணி மாதிரி நின்றது.

"நஹி ஹோகா," என்றாள் வங்காளிப் பெண். ஆகாது.

பொன்னம்மாவின் சொட்டு கொஞ்சம் இறங்கியது. மூவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். பாதியில் யோசித்து, திரும்ப மேலே வந்தது. சித்ராவுடையது இறங்கவே இல்லை. சித்ரா இருபத்தைந்து வயதுக்காரி, ஷெல்ட்டரில் தண்ணீர் லாரி வந்தால் நாலு குடம் தூக்குகிறவள். "இன்னொரு வெரல்ல குத்துங்க தீதி," என்று கையை நீட்டினாள். இன்னொரு விரலும் அதையே சொன்னது.

"ஆப் ஸப்கோ கூன் கம் ஹை. ஸப்கோ," என்றாள் அந்தப் பெண். உங்கள் எல்லோருக்குமே ரத்தம் குறைவு. குரலில் கோபம் இல்லை, களைப்புதான் இருந்தது. மூவருக்கும் இரும்புச் சத்து மாத்திரை எழுதி, மருந்துக் கவுன்ட்டரைக் காட்டினாள். மூன்று மாதம் தினம் ஒன்று, விடாமல் சாப்பிட்டால் சரியாகிவிடும்.

வைஜெயந்தியை வராந்தாவில் ஸ்ட்ரெச்சரில் போட்டிருந்தார்கள். பதிலுக்கு ஆள் இல்லாவிட்டாலும் அவசரம் என்று டாக்டர் ஒரு பாட்டில் கொடுக்கச் சொல்லியிருந்தார். ஒன்றுதான். அடுத்ததற்கு ஆளோடு வா என்றார்கள். சொட்டுச் சொட்டாக இறங்குவதைப் பார்த்துக்கொண்டு பெண்கள் சுவரோரம் உட்கார்ந்திருந்தார்கள். மூவர் மடியிலும் மாத்திரைப் பொட்டலம்.

பிரவீன்குமார் மத்தியானம் வந்தான். ரத்த வங்கியில் அவனுக்குப் பழக்கம் உண்டு, அங்கேயே எல்லாம் கேட்டுக்கொண்டு வந்திருந்தான். சிவஞானத்தைப் படிக்கட்டுப் பக்கம் கூட்டிக்கொண்டு போனான்.

"அண்ணே, சென்னைக்குப் பேசினேன். சாதாரண சோகைக்காரங்க கிட்டயும் அந்த ஹார்மோன் கொஞ்சம் கூடுதலா வரும். அக்கா அளவுக்கு இல்ல, ஆனா நாலஞ்சு பேர் சேந்தா பரவாயில்ல. ஷெல்ட்டர் பொம்பளைங்க பாதிப் பேருக்கு இப்படித்தான் இருக்கும் போல. அவங்களும் தனித்தனிக் கேன் குடுத்தா, ஹட் பேய மறுபடி சேத்துக்கிறாங்களாம். அக்காவுக்குப் பழையபடி எல்லாம் நடக்கும்."

"குடுப்பாளுக. அவளுக்காக என்னா கேட்டாலும் குடுப்பாளுக."

"அதுல ரெண்டு விஷயம். கலக்கவே கூடாது. ஒவ்வொருத்தர் கேனும் அவங்கவங்களுது. பாத்துக்க ஒரு ஆள் வேணும், அது நீங்கதான்." அவன் கைப்பிடியில் விரலைத் தேய்த்தான். "அப்புறம் அந்த மாத்திரை. அத இப்ப சாப்பிட்டா ரத்தம் ஏறிரும். ஏறிட்டா ஹார்மோன் வராது. கொஞ்ச நாளைக்கு வேணாம். அதையும் நீங்களே வாங்கி வெச்சுக்குங்க."

"கொஞ்ச நாள்னா?"

"எங்களுக்குப் போதும்ங்கிற வரைக்கும்."

"அவளுக ஒடம்பு என்னா ஆவும்?"

"இத்தன வருஷம் அப்பிடித்தானண்ணே இருந்துருக்காங்க. என்ன ஆயிருச்சு?" பிரவீன்குமார் நல்ல பிள்ளைதான். இதைச் சொல்லும்போது முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான். "அக்காவுக்கு இன்னொரு பாட்டில் இன்னைக்கே ஏத்தச் சொல்றேன். ஆள் ரெடியா இருக்கு. நீங்க சரின்னு சொல்லணும்."

வராந்தாவில் பாட்டில் தீரப்போகிறது. சிவஞானம் சரி என்றான்.

பெண்களிடம் பாதியைத்தான் சொன்னான். கேன் விஷயத்தைச் சொன்னான். மாத்திரையைப் பற்றி, கம்பெனி டாக்டர் பார்த்துவிட்டு இதைவிட நல்ல மாத்திரை தருவார், அதுவரை சாப்பிட வேண்டாம் என்றான். பொட்டலங்கள் அவன் கைக்கு வந்தன. ஒருத்தியும் ஒரு கேள்வி கேட்கவில்லை. அவன் சொன்னால் அவன் வைஜெயந்திக்காகச் சொல்கிறான்; அதில் கேட்பதற்கு என்ன இருக்கிறது.

அடுத்த கப்பலில் கேன்கள் வந்தன. கேன் கொடுக்கப் பெண்கள் மேலும் சேர்ந்தார்கள். மூன்று நாளும் காலையும் மாலையும் தகரக் குளியலறைக்கு வெளியே சிவஞானம் நின்றான். யார் எந்தக் கேனில் ஊற்றுகிறார்கள் என்று பார்த்தான். இரண்டாம் நாள் பொன்னம்மாவின் கேன் குறைவாக இருந்தது. சித்ரா தன் சொம்பை அவள் கேன் பக்கம் சாய்க்கப் போனாள். வேண்டுமென்று இல்லை, கை தானாகப் போயிற்று.

"ஏய். அவ கேன்ல ஊத்தாத."

அந்தக் குரல் அவனுக்கே அதிர்ச்சியாக இருந்தது. சித்ரா சொம்பை இறக்கினாள். ஒச்சம்மா அவனை மேலும் கீழும் பார்த்தாள். அவளுக்குக் கேன் இல்லை, வேடிக்கை பார்க்கத்தான் வந்திருந்தாள்.

"என்னா கங்காணி," என்றாள். "கம்பு எங்க? கம்பு இல்லாம நின்னா நல்லா இல்லியே."

பெண்கள் சிரித்தார்கள். முன்பு போல முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு அவன் நிற்கும்போது அவர்கள் பேச்சு நின்றுவிடும். ஒவ்வொருத்தியாக வந்து ஊற்றிவிட்டுப் போனார்கள்.

வைஜெயந்திக்கு ரத்தம் ஒழுங்காக ஏறியது. உதட்டில் நிறம் வந்தது, அடுப்படியில் நின்று சோறு வடித்தாள். ஒரு நாள் சித்ரா தண்ணீர்க் குடத்தோடு வாசலைக் கடக்கும்போது நடுவழியில் குடத்தை இறக்கிவிட்டு, தகரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முன்பு நாலு குடம் தூக்கினவள். வைஜெயந்தி உள்ளேயிருந்து பார்த்தாள்.

சாயங்காலம் சிவஞானம் வந்ததும் கேட்டாள். "என்னாங்க, அந்த மாத்திரையெல்லாம் எங்க?"

மாத்திரைகள் அவன் தலைமாட்டில் இருந்த தகரப் பெட்டியில், சட்டைக்கு அடியில் இருந்தன. பெட்டியின் சாவி அவன் அரைஞாணில் தொங்கியது. அவள் அதைப் பார்த்துக்கொண்டுதான் கேட்டாள்.

"பிரவீன் தம்பி வாங்கிட்டுப் போயிட்டான்," என்றான்.

வெளியே சித்ரா சாயங்காலத் தண்ணீர்க் குடத்தை இடுப்பில் ஏற்றுகிற சத்தம் கேட்டது. வைஜெயந்தி தன் உள்ளங்கையை விரித்து, விளக்கு வெளிச்சத்தில் அதன் சிவப்பைப் பார்த்தாள். பிறகு கையை மடக்கிக்கொண்டாள்.

"சரி," என்றாள். "அடுத்த கப்பல் என்னைக்கு?"